பூஜ்ஜிய ஆண்டு

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

காலை மணி 9.40. தூத்துக்குடி, பவளக்கரைக் குடியிருப்பு. ஆறு பிளாக், 144 வீடு. எனக்கு உதவியாக வருவதாகச் சொன்னவர்கள் நான்கு பேர். வந்தவர் யாரும் இல்லை.

இன்று பனிமய மாதா திருநாள். ஊருக்கே விடுமுறை. சென்னையில் உட்கார்ந்து டிக்கெட் போடும் எங்கள் அலுவலகத்துக்கு நாட்காட்டி பார்க்கும் வழக்கம் கிடையாது. ராத்திரி முழுக்கப் பேருந்தில் வந்து, துளைபோடும் இயந்திரம், சுத்தியல், அளவு நாடா எல்லாவற்றையும் வாசலில் இறக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பி பிளாக் படியில் ஒரு பெண் பட்டுச் சேலையில் இறங்கி வந்தாள். என்னையும் சாமான்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"திருநாளன்னைக்குச் சுத்தியலோட வந்து நிக்கிய. இடிக்க வந்தியளோ?"

இடிக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் போட வந்திருக்கிறேன் என்றேன்.

"கணக்கு எதுக்கு? இடிச்சிருங்க," என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள்.

பெயர் அமலோற்பவம் என்று காவலாளி சொன்னார். அமலா என்றால்தான் எல்லோருக்கும் தெரியுமாம். குடியிருப்போர் சங்கச் செயலாளர். கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை.

ஒரு நாள் வீண்.

ஆகஸ்ட் 7, புதன்

வேலை தொடங்கியது. பிற்பாடு படித்தால் எனக்கே குழம்பக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன்.

நான் செய்வது வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. சிமென்ட் சுடுவதில் ஆரம்பித்து, கம்பி உருக்கி, லாரியில் ஏற்றி, கட்டி, ஐம்பது வருஷம் மின்சாரம் எரித்து, கடைசியில் இடித்துக் கொட்டுவது வரைக்கும் ஒரு கட்டடம் மொத்தமாக எவ்வளவு கரியமில வாயுவை வெளியே விடுகிறது என்ற கணக்கு. பவளக்கரை நிர்வாகத்துக்கு முன்னால் இரண்டு வழி இருக்கிறது. எல்லாரையும் வெளியேற்றி, இடித்துப் புதிதாகக் கட்டுவது ஒன்று. ஆட்களை உள்ளே வைத்துக்கொண்டே பிளாக் பிளாக்காகப் பழுது பார்ப்பது இன்னொன்று. எதில் புகை குறைவோ அதற்குத்தான் வங்கி கடன் தரும். அதைச் சொல்லப் போவது என் எண்.

1979இல் கட்டியது. கடல் அரை கிலோமீட்டர். உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தின்கிறது. துருப்பிடித்த கம்பி உப்பி, கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளுகிறது. சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் டண் என்கிறது. போன இடம் டொப் என்கிறது.

பி பிளாக் இரண்டாம் மாடி, 11ஆம் எண் வீடு. அமலாவும் அவள் அம்மா செபஸ்தியம்மாளும். அம்மாவுக்குப் பக்கவாதம், மூன்று வருஷமாகக் கட்டிலில். கட்டிலுக்கு நேர் மேலே தட்டினேன். டொப். பால்கனியின் அடியிலும் டொப்.

"மெதுவாத் தட்டு தம்பி. எம்மேல விழுந்துச்சுன்னா உனக்குத்தான் வீண் அலைச்சல்," என்றார் அந்த அம்மா. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

'பழுது உண்டு' என்று குறித்துக்கொண்டேன். எத்தனை நாள் தாங்கும் என்று பார்ப்பது வேறொரு ஆலோசகரின் வேலை, அவரை நிர்வாகம் இனிமேல்தான் அமர்த்த வேண்டும். அங்கே எத்தனை கிலோ பழுதுப் பூச்சு ஏறும் என்பது என் வேலை.

அமலா காபி கொடுத்தாள். சுக்கு போட்டிருந்தாள். எனக்குச் சுக்கு பிடிக்காது. குடித்தேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

கொசு.

ஆகஸ்ட் 14, புதன்

பி-11இல் மறுபடி அளக்க வேண்டியிருந்தது. நான்காவது தடவை. மற்ற வீடுகளில் ஒரு தடவை போதுமாக இருந்தது, இந்த வீட்டின் அளவுகள் கொஞ்சம் சிக்கலானவை.

அமலா வேலை முடிந்து வந்து வாளியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அம்மாவின் படுக்கை விரிப்பு தினமும் இரண்டு, சில நாள் மூன்று. அலசியபடியே என் வேலையைப் பற்றிக் கேட்டாள். சிமென்ட் உண்டு, கம்பி உண்டு, மின்விசிறி ஓடும் மின்சாரம் உண்டு, தண்ணீர் மோட்டார் உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"நாங்க விடுத மூச்சு?"

மனிதர்கள் விடும் மூச்சு கணக்கின் எல்லைக்கு வெளியே என்றேன். எல்லா நாட்டுக்கும் அதுதான் விதி.

"அப்பம் எங்க அம்மா கணக்குல இல்ல. அவிய மூச்சு விடுததத் தவிர வேற ஒண்ணும் செய்யல," என்றாள். கட்டிலிலிருந்து அம்மா ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. கேட்டதற்குச் சொல்ல மறுத்துவிட்டாள்.

இடிப்பதுதான் வேண்டும் என்கிறாள். புது வீட்டு ஆசையெல்லாம் இல்லை. இடிப்பதென்றால் முதலில் ஆட்களை வெளியேற்றி வேறு இடத்தில் வாடகைக்கு வைக்க வேண்டும், அது ஒன்று போதும் என்கிறாள். உணர்ச்சிவசப்பட்ட வாதம். தரவு எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

முதல் விடை வந்துவிட்டது. இடித்துக் கட்டினால் சதுர மீட்டருக்கு 520 கிலோ கரியமில வாயு. பழுது பார்த்தால் 165. சண்டைக்கே இடமில்லை.

காரணம் எளிது. இந்த வீடுகளில் ஏசி கிடையாது. மின்விசிறி, விளக்கு, மிக்சி, டிவி. எவ்வளவு நவீனமாகக் கட்டினாலும் மின்சாரத்தில் மிச்சம்பிடிக்க ஒன்றுமில்லை. புதுச் சிமென்ட்டின் புகையைத் திருப்பி எடுக்க நூறு வருஷம் போதாது. இந்த மாதிரித் தெளிவான விடை ஒரு ஆளுக்கு வேலைக் காலத்தில் ஒரு முறை கிடைத்தாலே அதிகம்.

சந்தானம் சாருக்குப் போன் செய்தேன். என் மேலதிகாரி. இதை வைத்து ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுதச் சொன்னார்.

ராத்திரி புரோட்டா சாப்பிட்டேன். ஆறு. பொரித்தது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

குடியிருப்போர் கூட்டம். சி பிளாக் கீழே பந்தல் போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆட்களை உள்ளே வைத்துப் பழுது பார்க்க எல்லா வீட்டின் ஒப்புதல் கையெழுத்தும் வேண்டும் என்பது நிர்வாகத்தின் நிபந்தனை. மேலாளர் கோமஸ் என்னைப் பேசச் சொன்னார். திரையில் படம் போட்டு விளக்கினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் மரியாதைக்காக விழித்திருந்தார்கள்.

அமலா மட்டும் எழுந்தாள். என் படத்தில் கிடைக்கோட்டின் இடது முனையைக் காட்டினாள். அங்கே '0' என்று போட்டு, பக்கத்தில் 'பழுதுபார்ப்பு' என்று எழுதியிருந்தேன்.

"பூஜ்ஜியம்னா எப்பம்?"

அது பூஜ்ஜிய ஆண்டு, கணக்கின் ஆரம்பம் என்றேன். பழுது அந்த ஆண்டில் முடிந்துவிடுகிறது. அதிலிருந்து ஐம்பது வருஷம் ஓடுகிறது.

"அது சரி. ஆரம்பம் எப்பம்? தேதி சொல்லுங்க."

தேதி என்று எதுவும் கிடையாது என்று விளக்கினேன். கணக்கில் அப்படி ஒரு தேதி தேவைப்படுவதில்லை. எந்த நாட்டில், எந்தக் கட்டடத்துக்குப் போட்டாலும் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள்.

"பூஜ்ஜியத்துக்கு முன்னால நாங்க எங்க இருக்கோம்?"

கூட்டம் சிரித்தது. கேள்வியே தவறு. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் வேலை தொடங்கிவிடும் என்று சொல்லிவிட்டேன். கோமஸ் தலையை ஆட்டினார். ஆட்டினார் என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 2, திங்கள்

நாளை சென்னை திரும்புகிறேன். சொல்லிக்கொள்ளப் பி-11க்குப் போனேன். அமலா வழக்கமான கேலி இல்லாமல் இருந்தாள். திரேஸ்புரத்தில் அவள் மாமா மகன் வீட்டின் கீழ்ப்பகுதி காலியாக இருக்கிறதாம். தரைத்தளம். அம்மாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடலாமா என்று யோசிக்கிறாள். இங்கே குடியிருப்பவர்களுக்குத்தான் வீடு என்பது நிர்வாகத்தின் விதி, போனால் உரிமை போகும், திரும்பி வர முடியாது. சங்கச் செயலாளரே போனால் மற்றவர்களும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

"நீங்க படிச்சவிய. உள்ளதச் சொல்லுங்க. போகட்டுமா, இருக்கட்டுமா?"

"இருங்க," என்றேன். "அக்டோபர்ல வேலை ஆரம்பிச்சிடும். பி பிளாக்கதான் முதல்ல எடுக்கச் சொல்லி எழுதுறேன்."

சரி என்றாள். திரேஸ்புரம் போனால் கடலை ஒட்டிய தெரு, அங்கே உப்பு இதைவிட மோசம் என்றும் விளக்கினேன். அது உண்மைதான்.

எண்ணைக் கொடுத்திருக்கிறாள். தரவு சரிபார்க்கத் தேவைப்படும்.

செப்டம்பர் 20, வெள்ளி

அறிக்கை கொடுத்தாயிற்று. 144 கையெழுத்தும் வாங்கிவிட்டாளாம். வீடு வீடாகப் போய் வாங்கினாள் என்று கோமஸ் சொன்னார்.

பி பிளாக்கை முதலில் எடுக்கச் சொல்லும் வரியைச் சந்தானம் சார் நீக்கிவிட்டார். அது கரியமில வாயு சம்பந்தப்பட்டது இல்லையாம். நியாயம்தான்.

தண்ணீர் மோட்டார் ஓடும் நேரம் சரிபார்க்க அமலாவுக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிஷம்.

அக்டோபர் 18, வெள்ளி

வங்கி என் அறிக்கையை வெளியாள் ஒருவரிடம் சரிபார்க்கக் கொடுத்திருக்கிறது. பெங்களூர்க்காரர். அவர் ஒப்புதல் தந்தால்தான் கடன், கடன் வந்தால்தான் டெண்டர். ஒரே ஒரு குறை சொல்லியிருக்கிறார். பழுதுப் பூச்சுக்கு நான் எடுத்த மதிப்பு வெளிநாட்டுத் தரவு, உள்ளூர்த் தரவுக்கு மாற்றுங்கள் என்கிறார். மாற்றினால் 165 என்பது 170 ஆகும். மூன்று சதவீதம்.

அவர் காட்டும் உள்ளூர்த் தரவு ஒரே ஒரு ஆலையிலிருந்து எடுத்தது. குப்பை. நான்கு பக்கம் பதில் எழுதினேன்.

நவம்பர் 6, புதன்

தூத்துக்குடியில் மழை. அமலா ஒரு போட்டோ அனுப்பினாள். அவர்கள் பால்கனியின் அடிப்பக்கம், கீழேயிருந்து எடுத்தது. பூச்சு பெயர்ந்து, கம்பி பட்டை பட்டையாக உரிந்து தொங்குகிறது. கீழே ஒரு வார்த்தை: "பூஜ்ஜியமா?"

கோமஸுக்கு அனுப்பி வைத்தேன். அவர் கும்பிடு போடும் கை ஒன்றைப் பதிலாக அனுப்பினார்.

பெங்களூர்க்காரருக்கு இரண்டாவது பதில். ஏழு பக்கம்.

நவம்பர் 27, புதன்

போனில் அமலா. வேலை ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கேட்டாள். சரிபார்ப்பு முடியவில்லை என்றேன். என்ன தகராறு என்றாள். சொன்னேன்.

அவள் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அஞ்சு கிலோவுக்கா? ஒத்துக்கிட்டா என்ன?"

"தப்பான எண்ணை எப்படி ஒத்துக்கிறது?"

"ஒத்துக்கிட்டா எந்தக் கட்டடம் ஜெயிக்கும்?"

"அப்பவும் பழுதுபார்க்கிறதுதான்."

"அப்பம் யாரோட சண்டை போடுதிய, பரணி?"

இது அவளுக்குப் புரியாது. ஒரு எண்ணை விட்டுக்கொடுத்தால் அடுத்தவன் இன்னொன்றைக் கேட்பான். வேலையின் ஒழுங்கு அது.

சார் என்று கூப்பிடாமல் பேர் சொன்னாள். முதல் தடவை. வேறு விஷயம், திரேஸ்புரம் வீட்டுக்கு ஆள் குடிவந்துவிட்டதாம்.

டிசம்பர் 19, வியாழன்

நான் ஜெயித்துவிட்டேன். பெங்களூர்க்காரர் ஒப்புக்கொண்டார். 165தான். கடிதத்தின் கடைசியில், 'இரண்டு மாதத்தை இதில் செலவிட்டிருக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறார். தோற்றவர் பேச்சு.

அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அமலாவுக்குச் செய்தி அனுப்பினேன். "அம்மாவுக்குக் காய்ச்சல், அப்புறம் பேசுதேன்" என்றாள்.

2025 ஜனவரி 18, சனி

பொங்கல் விடுமுறைக்குச் சொந்த ஊர் நாமக்கல் போனவன் அப்படியே தூத்துக்குடிக்குப் பேருந்து ஏறினேன். களத் தரவு எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். செலவு என்னுடையது. அலுவலகத்தில் சொல்லவில்லை.

மக்ரூன் வாங்கிப்போனேன். அந்த அம்மாவால் மெல்ல முடியாது, இது வாயில் வைத்தால் கரைந்துவிடும். அமலா சின்னச் சின்னதாகக் கிள்ளி ஊட்டினாள். இரண்டாவது துண்டுக்குப் பிறகு அம்மா என்னைக் கைகாட்டி, "இவன் தட்டாம இருந்தா நல்ல பையன்தான்," என்றார்.

கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட முயன்றோம். அறை சின்னது, கதவு திறக்காது. திருப்பிப் போட்டோம். தலை இருந்த இடத்தில் இப்போது கால்.

பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தியல் கொண்டுபோகவில்லை. தேவைப்படவில்லை. உள்ளே வந்து, இனிமேல் பால்கனியில் நிற்க வேண்டாம் என்றேன்.

"ரெண்டு விரிப்பு, மூணு விரிப்பு. எங்க காயப் போட? மொட்டைமாடி பூட்டிக் கிடக்கு. அவிய முதுகு ஈரத்துல கெடந்தா புண்ணு வந்திரும். வந்தா ஆறாது."

மொட்டைமாடிச் சாவிக்குக் கோமஸைக் கேட்டேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். திங்கட்கிழமை நான் சென்னையில்.

டெண்டர் பிப்ரவரி இருபதாம் தேதி திறக்கிறார்களாம். இன்னும் ஒரு மாதம்தான் என்று அமலாவிடம் சொன்னேன். பேருந்து நிலையம் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டாள். ஏறும்போது ஏதோ சொல்ல வேண்டும் என்று இருந்தது. பிப்ரவரியில் வேலை தொடங்க எப்படியும் வருவேன், அப்போது சொல்லலாம். நடத்துனர் விசில் அடித்துக்கொண்டே இருந்தான்.

ஜனவரி 31, வெள்ளி

கருத்தரங்கக் கட்டுரை ஏற்கப்பட்டது. தலைப்பு: 'இடிக்காதீர்கள்'. மொட்டைமாடிச் சாவி இன்னும் கிடைக்கவில்லை என்றாள். கோமஸுக்கு நினைவூட்ட வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மதியம் கோமஸ் போன் செய்தார். காலையில் பி பிளாக் இரண்டாம் மாடியில் ஒரு பால்கனிப் பலகை விழுந்துவிட்டது. துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அமலோற்பவம் என்கிற பெண், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தவறிவிட்டார் என்றார். அவர் முழுப் பெயரைச் சொன்னதால் யார் என்று எனக்கு உடனே தெரியவில்லை.

யாரது என்று கேட்டேன். கேட்டுவிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

அடக்கம் மாலை நான்கு மணிக்கு என்றார்கள். விடிகாலையில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வரைக்கும் போனேன். பேருந்து நின்றது. உட்கார இடமும் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். அலுவலகத்தில் வேலை இருந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

பால்கனிப் பலகை சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்பது. அதைத் தாங்கும் கம்பி பலகையின் மேல்பக்கம் இருக்கும். நான் ஆகஸ்டில் தட்டியதும் அவள் போட்டோ எடுத்ததும் அடிப்பக்கம். மேல்கம்பி தரைப்பூச்சுக்குள் மறைந்திருக்கும். தினமும் ஈரத்துணி சொட்டும் இடம். அடியில் அந்த நிலை என்றால் மேலே என்ன என்று முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியும்.

எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 14, வெள்ளி

சாப்பிட்டேன். தூங்கினேன்.

பிப்ரவரி 17, திங்கள்

சந்தானம் சார் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் பக்கம் வைத்தார். போட்டோ, செப்டம்பரில் நான் சொன்னது எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன்.

விசாரணை வருமாம். எங்கள் ஒப்பந்தத்தில் பாதுகாப்பு இல்லை, கரியமில வாயு மட்டும்தான். அறிக்கையில் ஒரு எண்கூடத் தவறில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும், வேறெதையும் சொல்லக் கூடாது. அந்தப் பெண் எனக்குப் போட்டோ அனுப்பியதோ, நான் வீட்டில் இருக்கச் சொன்னதோ அறிக்கையில் எங்கும் இல்லாத விஷயங்கள்.

"நீ தப்புப் பண்ணல பரணி. உன் கணக்கு கரெக்ட்."

ஆமாம் சார் என்றேன்.

பிறகு டெண்டர் தள்ளிப்போய்விட்டது, விசாரணை முடியும்வரை யாரும் எதையும் தொட முடியாது என்றும் சொன்னார். அங்கே இருப்பவர்கள் எங்கே என்று கேட்டேன். அங்கேயேதான் என்றார். பால்கனிக் கதவுகளைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களாம்.

பிப்ரவரி 22, சனி

அலுவலகத்தில் யாரும் இல்லை. பவளக்கரைக் கோப்பைத் திறந்தேன்.

முதல் நெடுவரிசை 0. அதற்கு இடப்பக்கம் ஒரு நெடுவரிசை சேர்க்கப் பார்த்தேன். சூத்திரங்கள் எல்லாம் பிழை காட்டின. இந்தக் கணக்குக்குப் பூஜ்ஜியத்துக்கு முன்னால் ஒன்றும் இல்லை. நானே கட்டியது. நாலு வருஷமாக எல்லாக் கட்டடத்துக்கும் இதே கோப்புதான். ஆகஸ்டிலிருந்து பிப்ரவரி வரை அவர்கள் இருந்த நாட்கள் இந்தக் கோப்பில் கிடையவே கிடையாது. அதைத்தான் அவள் பந்தலில் எழுந்து நின்று கேட்டாள். கேள்வியே தவறு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

காகிதத்தில் போட்டேன். கையெழுத்து வாங்கிய அன்றே 144 குடும்பத்தையும் வெளியே கொண்டுபோய், ஒரு வருஷம் வாடகை வீட்டில் வைத்து, காலி வீட்டில் பழுதுபார்த்துத் திரும்பக் கொண்டுவந்தால் எவ்வளவு கூடும்? சாமான் ஏற்றும் வண்டிகள், அந்த வீடுகளுக்கு வெள்ளையடிப்பு, தண்ணீர்த் தொட்டி, தூரம் கூடுவதால் வேலைக்குப் போய்வரும் பேருந்து, எல்லாம். தாராளமாகவே போட்டேன்.

1.4 கிலோ. 165 என்பது 166.4.

ஒரு சதவீதத்துக்கும் கீழே. அவ்வளவு சின்ன அளவைக் கணக்கில் சேர்க்காமலே விட்டுவிடலாம் என்று விதியே இருக்கிறது. நான் ஐந்து கிலோவுக்கு இரண்டு மாதம் சண்டை போட்டேன்.

மூன்று தடவை சரிபார்த்தேன். பழுதுபார்ப்பதுதான் இப்போதும் ஜெயிக்கிறது. என் விடை சரியாக இருந்தது. ஆட்களை வெளியே கொண்டுபோக இடித்தே ஆக வேண்டும் என்று அவள் நினைத்தாள், அது தேவையே இல்லை. இரண்டையும் ஒரே தாளில் எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் அதற்கும் அவள் 144 கையெழுத்து வாங்கித் தந்திருப்பாள், கேலி பண்ணிக்கொண்டே. யாரும் அப்படிக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவன் நான்.

அவள் குரல் பதிவு ஒன்று போனில் இருக்கிறது. மோட்டார் ஓடும் நேரம் சொல்வது. தரவு சரிபார்க்க ஒரே ஒரு தடவைதான் கேட்டேன் என்று எழுத வந்தேன். அப்படி இல்லை.

கோமஸுக்குப் போன் செய்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் முறைவைத்துச் செபஸ்தியம்மாளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதே வீடு, அதே கட்டில். அடுத்த வாரம் கன்னியர் மடத்து இல்லத்தில் இடம் கேட்கிறார்களாம். அந்த அம்மா யாரிடமும் பேசுவதில்லை என்றார்.

செய்ய வேண்டியவை:

1. இந்தத் தாளை இன்றே நிர்வாகம், வங்கி, பெங்களூர்க்காரர், சந்தானம் சார் நான்கு பேருக்கும் அனுப்புவது. 166.4. ஆட்கள் முதலில் வெளியே, அப்புறம்தான் பூச்சு.

2. கருத்தரங்கக் கட்டுரையைத் திரும்பப் பெறுவது.

3. விசாரணை அதிகாரிக்கு எழுதுவது: நவம்பர் 6ஆம் தேதி போட்டோ எனக்கு வந்தது. ஜனவரி 18ஆம் தேதி நேரில் பார்த்தேன். அதற்கு முன் செப்டம்பர் 2ஆம் தேதி, இருங்கள் என்று சொன்னது நான். எந்த வார்த்தையில் சொன்னேனோ அதே வார்த்தையில் எழுதுவது.

4. வேலை போகும். போகட்டும். அதைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது.

5. இன்று ராத்திரி பேருந்து. பி பிளாக்கில் மற்ற 23 வீட்டுக்கும் போய், வெளியேறச் சொல்வது. என் பேச்சை இனிமேல் ஏன் கேட்க வேண்டும் என்பார்கள். கேட்கும்வரை அங்கேயே இருப்பது.

6. செபஸ்தியம்மாளைப் பார்ப்பது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல் விரிப்பு துவைப்பது, கீழே தரையில் கொடி கட்டிக் காயப் போடுவது. இல்லத்தில் இடம் கிடைக்கும்வரை தினமும். அவர் என்னைப் போகச் சொன்னால் வாசலில் இருப்பது.